தேனடையிலிருந்து மெழுகு எடுப்பது எப்படி?

டெல்டாவில் தென்னந்தோப்புக்குள் தேன்பெட்டி வைத்திருப்பவர்களில் சிலர், தேனை வடித்ததும் சக்கையைக் குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். சுவாமிமலையில் சிலை வார்க்க முதலில் பிடிக்கும் உருவமே தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்ந்த கலவைதான். அந்த மெழுகு இருக்கும் சக்கையைத் தூக்கி எறிய மனசு வரலாமா?

முதலில், எதை எடுப்பது? தேன் எடுக்கும்போது அடையின் கண்கள் மேலிருந்து சீவிய மெழுகு மூடிகள்தான் முதல் தரம். தேனீப் புழு வளர்ந்து கறுத்த பழைய அடையிலும் மெழுகு உண்டு, குறைவாகத்தான் கிடைக்கும். முட்டையோ புழுவோ இருந்தால் தொடாதீர்கள். நல்ல நிலையில் உள்ள தேன் அடையை உருக்காமல் பெட்டிக்கே திருப்பிக் கொடுங்கள். மெழுகு சுரக்க தேனீ நிறையத் தேன் தின்றாக வேண்டும், அது உங்களுக்குத்தான் நஷ்டம்.

எடுத்ததைக் கழுவி, கறுத்த அடையை மட்டும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவையுங்கள். உள்ளே இருக்கும் புழுக்கூட்டுத் தோல் தண்ணீரைக் குடித்துவிட்டால் மெழுகைக் குடிக்காது. நாள்கணக்கில் சும்மா போட்டுவைத்தால் அந்துப்பூச்சி வந்துவிடும்.

உருக்கும் வேலையைப் பொழுது சாய்ந்த பிறகு, வீட்டுக்குள் வையுங்கள். பகலில் வாசனைக்கே தேனீ மொய்க்கும். எவர்சில்வர் பாத்திரம் போதும். இரும்பு, செம்பு, பித்தளை மெழுகின் நிறத்தைக் கெடுக்கும். கடலோர ஊர்களின் உப்புப் போர் தண்ணீர் வேண்டாம், பிடித்துவைத்த மழைத்தண்ணீர் நல்லது. அடையைப் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, மேலே ஒரு கல்லை வைத்து, தண்ணீரில் முக்கி சின்னத் தீயில் வையுங்கள். 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், கொதிக்க விடவே கூடாது. கரண்டியால் மூட்டையை அழுத்த அழுத்த மஞ்சளாக மிதந்து வரும். அடுப்பை விட்டு நகராதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் கேஸை அணைத்து மூடியால் மூடுங்கள்.

மூட்டையைப் பிழிந்து எடுத்துவிட்டு, பாத்திரத்தைச் சாக்கால் போர்த்தி விடியும்வரை விட்டுவிடுங்கள். மெல்ல ஆறினால்தான் அழுக்கு அடியில் படியும். காலையில் பார்த்தால் மெழுகு ஓரத்திலிருந்து சுருங்கி, வட்ட அப்பளமாகக் கையோடு வரும். அடிப்பக்கம் பழுப்பாகச் சேறு ஒட்டியிருக்கும், அதைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள். மிச்சத் தண்ணீரைச் சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். தென்னை மரத்தடியில் ஊற்றலாம்.

இன்னும் சுத்தமாக வேண்டுமானால், வெந்நீரில் இறக்கிய டபராவில் மறுபடி உருக்கி, துணியில் வடிகட்டி, சோப்புத் தண்ணீர் தடவிய கிண்ணத்தில் ஊற்றுங்கள்.

சில மாதத்தில் கட்டியின் மேல் வெள்ளையாகப் பூத்தால் பூஞ்சை என்று பயப்பட வேண்டாம். துணியால் தேய்த்தால் போய்விடும்.