தாத்தா விட்டுப்போன பீரங்கி ஷெல்: தேய்க்கும் முன் பாருங்கள்

பரணில் ஷெல் கிடைத்ததும் பிரஷ்ஷைத் தேடாதீர்கள். முனையில் குண்டும் சேர்ந்தே இருந்தால், நூறு வருஷப் பழசுதானே என்று அசைத்துப் பார்க்காமல், தள்ளி நின்று போலீஸைக் கூப்பிடுங்கள். வெடிமருந்து வயதானால் சாதுவாகிவிடாது. வெறும் பித்தளை உறைதான், ஆனால் அடியில் நடுவிலுள்ள பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) பீரங்கியின் சுடும் ஊசி குத்திய பள்ளம் இல்லையா? அதற்கும் இதே விதிதான்.

சரி, சுட்டு முடிந்த காலி உறை என்று உறுதியானால் அடித்தட்டைப் படியுங்கள். அம்புக்குறி பிரிட்டிஷ் அரசு முத்திரை. '18 பிஆர்' (18 PR) என்றால் முதல் உலகப் போரில் ஓயாமல் முழங்கிய 18 பவுண்டர், அதாவது சுமார் 18 பவுண்டு எடைக் குண்டைச் சுடும் பிரிட்டிஷ் பீரங்கி. வருஷமும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டால் துத்தநாகம் கரைந்து செம்பு நிறத் திட்டு விழும் (நானும் ஒன்றைக் கெடுத்திருக்கிறேன்). மெஷினில் பாலிஷ் போட்டால் பொறித்த எழுத்தே மழுங்கிவிடும். நன்றாக உலரவிட்டு, அப்புறம் லேசாக மெழுகு பூசுங்கள்.