கட்டளைக்கு முந்தைய வரி: வேதத்தின் கட்டளைகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேதம் வாசிக்கத் தொடங்கிய ஒரு தம்பி என்னிடம் வந்து, யோவான் 14:15-ஐக் காட்டிக் கேட்டான். "'நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்' என்று இருக்கிறதே அண்ணே, கற்பனையை எப்படிக் கைக்கொள்வது?"

நியாயமான கேள்வி. இன்றைய தமிழில் கற்பனை என்றால் மனதில் ஒன்றை உருவாக்கிப் பார்ப்பது. நம் வேதாகமத்தின் பழைய தமிழில் அது கட்டளை. கட்டளை, பிரமாணம், நியாயம், சாட்சி என்று இந்த வகைச் சொற்கள் நிறைய உண்டு. 176 வசனங்கள் கொண்ட 119-ஆம் சங்கீதம் முழுவதும் இவைதான் மாறி மாறி வருகின்றன. புரியாத சொல்லைப் புரிந்ததாக எண்ணிக் கடந்து போவதுதான் முதல் தவறு. அதைத் திருத்த ஒரு நிமிடம் போதும். எளிதான மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாலே தெளிந்துவிடும்.

வருடக்கணக்கில் ஆளை வாட்டும் தவறுகள் வேறு இருக்கின்றன. அவற்றில் ஒன்றை நானே செய்தேன்.

பட்டியல் போட்ட நாட்கள்

சுவிசேஷங்களிலும் நிருபங்களிலும் (அப்போஸ்தலர் எழுதிய கடிதங்களிலும்) உள்ள கட்டளைகளை எல்லாம் ஒரு நோட்டில் வரிசையாக எழுதினேன். வரிக்கு ஒன்று. இரவில் படுக்கும் முன் ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போடுவேன். கோபப்படாதே, டிக். கவலைப்படாதே, இல்லை. ஜெபம் பண்ணு, டிக். டிக் நிறைய விழுந்த நாளில், சபையில் மற்றவர்களை ஒரு படி கீழே வைத்துப் பார்த்தேன். விழாத நாளில் முழங்காலில் நிற்கவே வெட்கமாக இருந்தது. சில மாதங்களில் வேதத்தைத் திறப்பதே பரீட்சைத் தாளைத் திறப்பதுபோல ஆகிவிட்டது.

அப்போது சபை மூப்பர் ஒருவர் கேட்டார்: "பத்துக் கட்டளை எந்த வரியில் தொடங்குகிறது?" "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" என்றேன். "அதற்கு முந்தைய வரியை வாசி" என்றார். யாத்திராகமம் 20:2. "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே."

அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒன்று இளகியது. யாத்திராகமத்தில் இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்ட பஸ்கா இரவு 12-ஆம் அதிகாரத்தில், செங்கடலைக் கடந்தது 14-இல், சீனாய் மலைக்கு வந்தது 19-இல். அதற்குப் பிறகுதான் கட்டளைகள். எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவர்களிடம் கற்பலகையை அனுப்பி, "இதைக் கைக்கொண்டால் விடுவிப்பேன்" என்று தேவன் சொல்லவில்லை. முதலில் விடுவித்தார். விடுதலையானவர்கள் எப்படி வாழ்வது என்பதை அப்புறம் சொன்னார்.

புதிய ஏற்பாட்டிலும் இதே வரிசைதான். ரோமர் நிருபத்தில் பவுல் 11 அதிகாரங்கள் தேவனுடைய கிருபையைச் சொல்லிவிட்டு, 12-ஆம் அதிகாரத்தை "அப்படியிருக்க, சகோதரரே" என்று தொடங்குகிறார். அந்த "அப்படியிருக்க" என்ற ஒரு சொல்லில் முந்தைய 11 அதிகாரங்களும் அடங்கியிருக்கின்றன. எபேசியரின் முதல் மூன்று அதிகாரங்களில், கிரேக்க மூலத்தைப் பார்த்தால், ஏவல் வினை ஒன்றே ஒன்றுதான்: "நினைத்துக்கொள்ளுங்கள்" (2:11). நீங்கள் எங்கே இருந்தீர்கள், கிறிஸ்து உங்களை எங்கே கொண்டுவந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். செய்யவேண்டிய காரியங்கள் எல்லாம் 4-ஆம் அதிகாரத்திலிருந்து வரிசைகட்டி வருகின்றன.

அதிகாரமும் வசன எண்ணும் மூலத்தில் கிடையாது. அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்கள் 1551-இல் அச்சான பதிப்பில் வந்தவை. தேடி எடுக்க அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கட்டளையை எண்ணோடு பிய்த்து எடுத்துச் சுவரில் மாட்டும்போது, அதற்கு முந்தைய வரி பின்னால் நின்றுவிடுகிறது. அந்த வரியில்தான் கீழ்ப்படியும் பெலன் இருக்கிறது.

யாரிடம் சொன்னது?

துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த மேலங்கியை வரும்போது எடுத்துக்கொண்டு வா என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:13). அதுவும் கட்டளைதான். யாரும் அதைத் தனக்கு என்று எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஆபிரகாமுக்கோ கிதியோனுக்கோ தனிப்பட்ட முறையில் சொன்னதைத் தன் வாழ்க்கைத் தீர்மானத்துக்கு அப்படியே எடுத்துப் பொருத்திக்கொள்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சொன்னவர் யார், கேட்டவர் யார், அப்போது நடந்துகொண்டிருந்தது என்ன, இந்த மூன்றையும் கேட்காமல் எந்தக் கட்டளையையும் கையில் எடுக்கவேண்டாம்.

அதே சமயம், "அது அவனுக்குச் சொன்னது" என்பது தப்பித்துப்போகும் கதவாகவும் ஆகிவிடக்கூடாது. ஐசுவரியமுள்ள வாலிபனிடம் எல்லாவற்றையும் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்றார் இயேசு. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு, தன் ஆஸ்தியில் பாதியைக் கொடுக்கிறேன் என்றபோது, மீதிப் பாதி எங்கே என்று அவர் கேட்கவில்லை. அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. பணத்தைப் பிடித்திருக்கும் கை திறக்கவேண்டும் என்பது இருவருக்கும் பொதுவானது, நமக்கும்தான்.

பழைய ஏற்பாட்டுச் சட்டங்கள்

யூத மரபு தோராவிலுள்ள (மோசேயின் ஐந்து ஆகமங்களிலுள்ள) கட்டளைகளை 613 என்று கணக்கிடுகிறது. செய் என்பவை 248, செய்யாதே என்பவை 365. கிறிஸ்தவர்கள் இவற்றிடம் இரண்டு விதமாகத் தவறுகிறோம். சிலர் "அதெல்லாம் முடிந்துபோன காரியம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். சிலர் தங்களுக்கு வசதியான நாலைந்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்கள்மேல் சுமத்துகிறார்கள். புறஜாதியாரிலிருந்து, அதாவது யூதரல்லாதவர்களிலிருந்து, விசுவாசத்துக்கு வந்தவர்கள் மோசேயின் சட்டம் முழுவதையும் சுமக்கவேண்டுமா என்ற கேள்வியை அப்போஸ்தலர் 15-இலேயே எருசலேமில் கூடிப் பேசி, வேண்டாம் என்று தீர்த்துவிட்டார்கள். பலிகளைப் பற்றி எபிரெயர் நிருபம் தெளிவாகச் சொல்கிறது: கிறிஸ்து ஒரேதரம் தம்மையே பலியிட்டார், இனி ஆடும் மாடும் வேண்டாம்.

அப்படியானால் அந்தப் பக்கங்களை எதற்குப் படிக்கவேண்டும்? உபாகமம் 22:8-ஐ எடுத்துப் பாருங்கள். புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, ஒருவன் விழுந்து உன் வீட்டின்மேல் இரத்தப்பழி வராதபடிக்கு. அந்த நாட்டு வீடுகளுக்குத் தட்டையான கூரை. எரிகோவில் ராகாப் என்ற பெண் இஸ்ரவேலின் வேவுகாரரைச் சணல் தட்டைகளுக்குள் ஒளித்து வைத்தது கூரையின்மேல்தான். பேதுரு ஜெபம் பண்ண ஏறியதும் மேல்வீட்டுக்குத்தான். ஆட்கள் நடமாடும் இடம், இருட்டில் கால் தவறும் இடம். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்று லேவியராகமம் 19:18 சொல்கிறதல்லவா? அந்த அன்பு இங்கே கல்லும் மண்ணுமாக, ஒரு சுவராக நிற்கிறது. இன்னும் யாரும் விழவில்லை. விழப்போகிறவன் யார் என்றும் தெரியாது. முகம் தெரியாத அவனுக்காக முன்கூட்டியே செலவு செய் என்கிறார் தேவன்.

இதை வாசித்துவிட்டு மாடியைப் போய்ப் பார்ப்பது நல்லதுதான். அதோடு நிற்கவேண்டாம். நான் ஓட்டும் வண்டியில், நான் கையெழுத்துப் போடும் வேலையில், நான் பகிரும் செய்தியில் எங்கே கைப்பிடிச் சுவர் இல்லை? இப்படிக் கேட்டால், முடிந்துபோனதாக நினைத்த வசனம் நேராக நம்மைப் பார்த்துப் பேசும்.

அடுத்தவருக்கு உரிய வசனம்

இந்தத் தவறு மனசுக்கு மிகவும் நோவு தருவது. எபேசியர் 5-இல் மனைவிகளுக்குச் சொன்னதைக் கணவன் மனப்பாடமாகச் சொல்வான். கணவனுக்குச் சொன்னதை மனைவி அடிக்கோடிட்டு வைத்திருப்பாள். இத்தனைக்கும் அந்தப் பகுதியில் கணவனுக்குச் சொன்னதுதான் நீளம்: கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்ததுபோல அன்புகூரு. இரண்டுக்கும் முந்தைய வரியோ "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்கிறது (5:21). "பிள்ளைகளே" என்று தொடங்கினால் அது பிள்ளைகள் எடுத்துக்கொள்ளவேண்டியது. "பிதாக்களே" என்று தொடங்கும் வரியில் அப்பாக்கள் நின்று யோசிக்கட்டும். பிரசங்கம் கேட்கும்போது "இதை அவர் கேட்டிருக்கவேண்டும்" என்று தோன்றினால், அந்த இடத்தில் நம் காது மூடிவிட்டது என்று அர்த்தம்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். அடி வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய், "மன்னியுங்கள் என்று வேதம் சொல்கிறது, அங்கேயே இருங்கள்" என்று சொல்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவது. மன்னிப்பது வேறு, ஆபத்தான இடத்திலிருந்து விலகாமல் இருப்பது வேறு. "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் ரோமர் 12:18 சமாதானத்தைப் பற்றிப் பேசுகிறது. அந்த இரண்டு சொற்களைப் பவுல் வெறுமனே எழுதவில்லை.

கட்டளைக்கு வேலி போடுவதும் இதற்குப் பக்கத்து வீட்டுத் தவறுதான். கனியைப் புசிக்கவேண்டாம் என்று தேவன் சொன்னார். ஏவாள் அதைத் திருப்பிச் சொல்லும்போது "தொடவும் வேண்டாம்" என்பது கூடவே வந்துவிட்டது (ஆதியாகமம் 3:3). நம் பழக்கங்களையும் விருப்பங்களையும் தேவன் சொன்னதாகச் சேர்த்துச் சொல்லும் முன் பக்கத்தைத் திறந்து ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

நீதிமொழிகளுக்கு ஒரு வார்த்தை. 26:4 மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் கொடாதே என்கிறது. 26:5 கொடு என்கிறது. முரண்பாடு இல்லை. எப்போது எது என்று நிதானிக்கவேண்டியது வாசிக்கிறவனின் வேலை. எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி பொருந்தும் சட்டமாக நீதிமொழிகளைப் படித்தால் தடுமாறிப்போவோம்.

"இன்னும் அதிகமாக அன்புகூரவேண்டும்"

வேதபாடக் கூட்டம் முடியும்போது ஒவ்வொருவராகச் சொல்வோம்: "ஆண்டவர் என்னோடு அன்பைக் குறித்துப் பேசினார்." மனப்பூர்வமாகத்தான் சொல்கிறோம். அடுத்த வாரம் எதுவும் மாறியிருக்காது. தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, தன் சாயல் இன்னதென்பதை உடனே மறந்துபோகிற மனுஷனைப் பற்றி யாக்கோபு எழுதியது இதைத்தான் (1:23-24).

பவுல் கட்டளை கொடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். எபேசியர் 4:28: "திருடுகிறவன் இனித் திருடாமல், குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கதாகத் தனக்கு உண்டாயிருக்கும்படி, தன் கைகளினால் நலமான வேலைசெய்து, பிரயாசப்படக்கடவன்." விடவேண்டியது, செய்யவேண்டியது, எதற்காக என்பது, மூன்றும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. திருடாமல் சும்மா உட்கார்ந்திருப்பவன் இந்தக் கட்டளைக்கு இன்னும் கீழ்ப்படியவில்லை. எடுத்துப் பழகிய அதே கை கொடுக்கத் தொடங்கவேண்டும். அடுத்த வசனம் கெட்ட வார்த்தை பேசாதே என்பதோடு விடாமல், கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமானதைப் பேசுங்கள் என்கிறது.

என் நோட்டு இப்போதும் இருக்கிறது. டிக் இல்லை. வாரத்துக்கு ஒரு கட்டளை, அதற்கு மேலே முந்தைய வரி, அதற்குக் கீழே ஒரு பெயரும் ஒரு நாளும். "ஒருவருக்கொருவர் மன்னியுங்கள்" என்று எழுதிய வாரத்தில், மேலே "கிறிஸ்துவுக்குள் தேவன் எனக்கு மன்னித்தார்" என்று எழுதினேன். கீழே இரண்டு வருடமாகப் பேசாதிருந்த ஒருவரின் பெயர். செவ்வாய்க்கிழமை, போன். அவர் எடுக்கவில்லை. வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டேன், எடுத்தார். பேச்சு மூன்று நிமிடம்கூட நீளவில்லை, ஆனால் பேசினோம்.

இதைத் தனியாகச் செய்யப் பார்க்கவேண்டாம். "ஒருவரையொருவர்", "ஒருவர் பாரத்தை ஒருவர்" என்று வரும் கட்டளைகளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கைக்கொள்ள வழியே இல்லை. நம்மை நன்றாகத் தெரிந்த ஒருவர், வாரம் ஒருமுறை "என்னாச்சு?" என்று கேட்டால் போதும்.

விழுந்த பிறகு

விழுந்தவுடன் "நான் இதற்குத் தகுதியில்லை" என்று வேதத்தை மூடிவிடுகிறோமே, அதுதான் வளர்ச்சியை அதிகம் தடுக்கிறது என்று நினைக்கிறேன். பேதுரு இயேசுவை அறியேன் என்று மூன்றுமுறை மறுதலித்தான். யோவான் 21-இல் உயிர்த்த இயேசு கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, சாப்பிட வாருங்கள் என்று முதலில் கூப்பிடுகிறார். சாப்பிட்ட பிறகுதான் பேச்சு. அப்போதும் "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்கவில்லை. நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று மூன்றுமுறை கேட்கிறார். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் ஒரு கட்டளை கொடுக்கிறார்: என் ஆடுகளை மேய்ப்பாயாக.

அங்கேயும் பேதுரு திரும்பிப் பார்த்து, பின்னால் வந்த இன்னொரு சீஷனைக் காட்டி, இவன் காரியம் என்ன என்று கேட்கிறான். இயேசு சொன்னார்: "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா."