டோக்கியோவுக்குக் குடிவருகிறீர்களா? எதை முதலில் செய்வது

மூன்று மாதத்துக்கு மேல் தங்க வருகிறவர்களுக்கு நரிட்டா, ஹனேடா விமான நிலையங்களிலேயே குடியிருப்பு அட்டையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். 'ஸாய்ரியூ கார்டு' என்று இங்கே பெயர். அதன் பின்பக்கத்தில் உங்கள் முகவரி ஏறும்வரை எந்த வேலையும் நகராது. வங்கி, போன், மருத்துவக் காப்பீடு எல்லாம் அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கும். குடிபோய் 14 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். நான் சொல்வது, சாவி வாங்கிய மறுநாளே 'குயாக்குஷோ' எனப்படும் வட்ட அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். குடும்பமாக வருகிறவர்கள் திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும் ஜப்பானிய மொழிபெயர்ப்பை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உறவுமுறையை நிரூபிக்கக் கேட்பார்கள்.

அடுத்தது பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான் முன்னாலோ பின்னாலோ நிற்கும். இங்கே எல்லாப் படிவத்திலும் இரண்டு கட்டங்கள், அதுவும் வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்தில். உங்கள் பெயரை எப்படி எழுதுவது, எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று முதல் நாளே முடிவு செய்து போனில் சேமித்து வையுங்கள். பிறகு எங்கேயும் மாற்றாதீர்கள். வங்கியில் ஒரு நெடில், சம்பளப் பிரிவில் ஒரு குறில் என்று இருந்தால் பணம் திரும்பிப் போய்விடக்கூடும். தபால் பெட்டியிலும் அதே பெயரை ஒட்டிவிடுங்கள். முக்கியமான கடிதங்கள் எல்லாம் தபாலில்தான் வரும்.

வீட்டு விஷயத்தில் ஒன்றைச் சொல்கிறேன். தனியார் வீடு என்றால் முன்பணம், வீட்டுக்காரருக்கு அன்பளிப்பாகத் தரும் திரும்பாத பணம், தரகர் கட்டணம், உத்தரவாத நிறுவனத்துக்குக் கட்டணம் என்று நான்கைந்து மாத வாடகை முதலிலேயே போய்விடும். அரசு சார்ந்த வாடகை வீட்டு அமைப்பான யூ.ஆர். குடியிருப்புகளில் அன்பளிப்பும் இல்லை, தரகும் இல்லை, ஜாமீனும் வேண்டாம். வருமானத் தகுதியைப் பார்ப்பார்கள். நாங்கள் இருக்கும் நிஷி-கசாயிலும், பக்கத்தில் ஓஜிமாவிலும் இந்தியக் குடும்பங்கள் இவ்வளவு சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எந்த வீடானாலும் காலியாகத்தான் இருக்கும். கூரை விளக்கு, திரைச்சீலை, அடுப்பு எல்லாம் பெரும்பாலும் நாம்தான் வாங்க வேண்டும். எரிவாயுவைத் திறக்க ஆள் நேரில் வருவார், நீங்களும் வீட்டில் இருக்க வேண்டும். குடிபோகும் நாளுக்கே நேரம் குறித்துவிடுங்கள், குளிர்காலத்தில் வெந்நீர் இல்லாமல் இருக்க முடியாது.

குப்பையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், அக்கம்பக்கத்தில் உங்கள் பெயரைத் தீர்மானிப்பது அதுதான். வட்ட அலுவலகத்தில் குப்பை அட்டவணை தருவார்கள், ஆங்கிலத்திலும் கிடைக்கும். அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். எரியும் குப்பைக்குத் தனிக் கிழமைகள், பிளாஸ்டிக்குக்கு ஒன்று, பாட்டில், டப்பா, காகிதத்துக்கு வேறொன்று. தண்ணீர் பாட்டில் என்றால் மூடியையும் லேபிளையும் கழற்றி, அலசி, நசுக்கிப் போட வேண்டும். பால் அட்டைப் பெட்டியை வெட்டி விரித்துக் கழுவிக் காய வைக்க வேண்டும். வடை பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. எண்ணெயைக் கட்டியாக்கும் பொடி கடையில் கிடைக்கும், இல்லையென்றால் பழைய காகிதத்தில் உறிஞ்ச வைத்து எரியும் குப்பையில் சேருங்கள். காலை 8 மணிக்குள் வைத்துவிட வேண்டும். முந்தைய இரவே வைக்காதீர்கள். காக்கை கிழித்துவிடும், அதனால் குப்பையின் மேல் வலையைச் சரியாக மூடுங்கள். மேஜை, மெத்தை போன்ற பெரியவற்றுக்கு முன்பதிவு செய்து, கன்வீனியன்ஸ் ஸ்டோரில் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டித்தான் வெளியே வைக்க வேண்டும். தொலைக்காட்சி, ஏ.சி., சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டிக்குத் தனிச் சட்டம், தனிக் கட்டணம். பழைய பொருளை யாராவது இலவசமாகக் கொடுத்தால் வாங்கும் முன் இதையும் யோசியுங்கள்.

குடிபோன வாரத்திலேயே பக்கத்து வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் சிறிய இனிப்புப் பெட்டியோடு போய்க் குனிந்து வணக்கம் சொல்லுங்கள். குழந்தை இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். பிறகு ஓடுகிற சத்தம் கேட்டாலும் முகம் தெரிந்த குழந்தையாக இருக்கும்.

இனி சமையலறை. இங்கே மின்சாரம் 100 வோல்ட். ஊர் மிக்ஸியைச் செருகினால் திணறும். பெரிய மின்மாற்றி வாங்க வேண்டும், அல்லது வெளிநாட்டுக்கென்று 110 வோல்ட்டில் செய்யும் மிக்ஸியைக் கொண்டு வரலாம், வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். எதுவானாலும் இரவில் அரைக்காதீர்கள். குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்க ஓர் எளிய வழி: இங்குள்ள ஓவன்கள் பலவற்றில் ரொட்டி மாவுக்கான 'ஹக்கோ' என்ற பொத்தான் உண்டு. 30 டிகிரியில் வைத்தால் மாவு அழகாகப் பொங்கும். சைவர்கள் 'தாஷி'யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மீனிலிருந்து எடுக்கும் சாறு அது. மிசோ சூப்பிலும் நூடுல்ஸ் குழம்பிலும், காய்கறிக் கூட்டு போலத் தெரிகிறவற்றிலும் கூட இருக்கும்.

உடம்புக்கு முடியாவிட்டால் முதலில் தெருவிலுள்ள கிளினிக்குக்குப் போங்கள். காப்பீடு இருந்தால் பொதுவாக 30 சதவீதம்தான் நம் கையிலிருந்து போகும். பரிந்துரைக் கடிதம் இல்லாமல் பெரிய மருத்துவமனைக்குப் போனால் 7,000 யென்னோ அதற்கு மேலோ தனியாகக் கேட்பார்கள். அவசரத்துக்கு 119, ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.

கடைசியாகப் பணம். குடியிருப்பு வரி முந்தைய ஆண்டு வருமானத்தின் மீது, சுமார் 10 சதவீதம். ஏப்ரலில் வந்து வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதல் ஆண்டு அது வராது, அடுத்த ஆண்டு ஜூனில் பிடிக்கத் தொடங்குவார்கள். முதல் ஆண்டுச் சம்பளத்தை நம்பி ஊரில் கடன் தவணை போட்டுவிடாதீர்கள். இந்திய நிறுவனம் ஐந்தாண்டுக்குள் திரும்பும்படி அனுப்பியிருந்தால், 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜப்பான் ஒப்பந்தப்படி இங்கே ஓய்வூதியச் சந்தா கட்டத் தேவையில்லை. அதற்கான சான்றிதழை வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் வாங்க வேண்டும், கிளம்பும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.