குதிரையுடன் முகாமிட இடம் தேர்ந்தெடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் குதிரை வளர்ப்போர் பலர் அதை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு மலைப்பகுதிக்குச் சென்று, பகலில் சவாரியும் இரவில் கூடாரமுமாக இரண்டு மூன்று நாள்களைக் கழிப்பதுண்டு. இதற்கென்றே தேசியப் பூங்காக்களிலும் வனங்களிலும் குதிரை முகாம்கள் அமைக்கப்பட்டுள்ளன. முதன்முறையாகச் செல்பவர்கள் பெரும்பாலும் சவாரிப் பாதையின் அழகைக் கேள்விப்பட்டே இடத்தை முடிவு செய்கிறார்கள். ஆனால் குதிரை பாதையில் இருப்பது நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரந்தான். எஞ்சிய நேரமெல்லாம் அது முகாமில்தான் நிற்க வேண்டும். எனவே, குதிரை அங்கே ஓர் இரவை நிம்மதியாகக் கழிக்குமா என்பதை முதலில் பார்த்துவிட்டு, பாதைகளைப் பிறகு பார்ப்பதே சரியான வரிசை என்பது என் கருத்து. டென்னசி, வட கரோலினா ஆகிய இரு மாநிலங்களிலும் பரந்துள்ள கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவையும், அதற்கு வடமேற்கே டென்னசி–கென்டக்கி எல்லையில் உள்ள பிக் சவுத் ஃபோர்க் பகுதியையும் எடுத்துக்காட்டுகளாகக் கொண்டு இதை விளக்குகிறேன்.

படி 1: தொலைவையும் மாநில எல்லையையும் பாருங்கள்

முதல் பயணத்துக்கு, டிரெய்லரில் மூன்று மணி நேரத்துக்குள் சென்று சேரக்கூடிய இடமே போதும். வழியில் மாநில எல்லையைக் கடக்க நேர்ந்தால் குதிரைக்குச் சில ஆவணங்கள் தேவைப்படும். அவற்றுள் முதன்மையானது காகின்ஸ் பரிசோதனைச் சான்று. குதிரைத் தொற்று இரத்தசோகை என்னும் நோய் இல்லை என்பதை இரத்தத்தைச் சோதித்து உறுதி செய்யும் இந்தச் சான்று பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். குதிரை ஈக்களின் கடியால் பரவும் அந்த நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. அதனால்தான் பல குதிரை முகாம்கள் மாநிலத்துக்குள்ளிருந்தே வரும் குதிரைக்கும் இச்சான்றைக் கேட்கின்றன. கால்நடை மருத்துவர் அளிக்கும் உடல்நலச் சான்றும் பல மாநிலங்களில் கட்டாயம். அது வழக்கமாக முப்பது நாள்களே செல்லும் என்பதால் புறப்படும் தேதியை உறுதி செய்த பின்னர் வாங்குவது நல்லது.

படி 2: குதிரையை இரவில் எப்படி நிறுத்தப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

தேர்வு பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். சில முகாம்களில் கம்பி அல்லது மரச் சட்டங்களால் ஆன பட்டிகள் இருக்கும்; சிலவற்றில் தடுப்புகளுடன் கூடிய கட்டுமிடங்கள் இருக்கும்; வேறு சிலவற்றில் மரங்களைத் தவிர எதுவும் இராது. பட்டியில் குதிரை திரும்பலாம், படுக்கலாம், உருளலாம். முதல் பயணத்துக்குப் பட்டியுள்ள முகாமையே நான் பரிந்துரைப்பேன். வாடகை சற்றுக் கூடுதலானாலும் தயங்க வேண்டாம்.

பட்டி இல்லாத இடங்களில் ஹைலைன் என்னும் முறை பின்பற்றப்படுகிறது. உறுதியான இரண்டு மரங்களுக்கிடையே, குதிரையின் தலைக்கு மேலாக, இரண்டு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டி, அதிலிருந்து குதிரையின் முகக்கயிற்றைத் தொங்கவிடுவார்கள். தொங்கும் கயிறு நீளமாகிவிட்டால் குதிரை அதற்குள் காலை விட்டுச் சிக்கிக்கொள்ளும். மிகவும் குட்டையானால் தரையில் கிடக்கும் புல்லை அதனால் எட்ட முடியாது. மரப்பட்டை சேதமடையாதிருக்க, அகலமான பட்டை நாடாவை மரத்தில் சுற்றி அதன்மேல்தான் கயிற்றைக் கட்ட வேண்டும். ஓடையிலிருந்தும் ஏரியிலிருந்தும் குறைந்தது அறுபது மீட்டர் தள்ளிக் கட்டுவது பொதுவான நடைமுறை. ஹைலைனை அனுமதிக்காத முகாம்களும் உண்டு என்பதால் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னரே கயிற்றை எடுத்துச் செல்லுங்கள்.

எந்த மரம் என்பதும் முக்கியம். கிழக்கு அமெரிக்கக் காடுகளில் மிகுதியாக உள்ள செம்மேப்பிள் மரத்தின் வாடிய இலைகள் குதிரையின் சிவப்பணுக்களை அழிக்கும் நஞ்சு கொண்டவை. காட்டுச் செர்ரி மரத்தின் வாடிய இலைகளும் ஆபத்தானவை. புயலில் முறிந்து விழுந்த கிளைகள் கிடக்கும் இடத்தில் குதிரையைக் கட்டவே கூடாது. இதைப் பற்றி முகாம் விளம்பரங்களில் ஒரு வரிகூட இராது. நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 3: தண்ணீரும் தீவனமும்

ஒரு குதிரை நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். எனவே "தண்ணீர் உண்டு" என்ற அறிவிப்போடு நின்றுவிடாமல், குழாய் உங்கள் இடத்தருகிலேயே உள்ளதா, பொதுக் குழாயிலிருந்து வாளியில் சுமக்க வேண்டுமா, அல்லது ஓடைக்குத்தான் குதிரையை நடத்திச் செல்ல வேண்டுமா என்று கேட்டறியுங்கள். பிக் சவுத் ஃபோர்க்கில் உள்ள ஸ்டேஷன் கேம்ப், பேர் கிரீக் ஆகிய குதிரை முகாம்களில் தண்ணீர், மின்சார இணைப்புகள் உள்ளன. புதியவர்களுக்கு இத்தகைய இடங்கள் எளிது. பழகாத சுவையுள்ள தண்ணீரைச் சில குதிரைகள் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் என்பதால் முதல் நாளுக்கான தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள்.

500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 கிலோ உலர்புல் தேவை. மேற்கு மாநிலங்களின் தேசிய வனங்களில் களை விதையற்றது என்று சான்றளிக்கப்பட்ட உலர்புல்லை மட்டுமே கொண்டுவர வேண்டும் என்ற விதி பரவலாக உள்ளது. ஸ்மோக்கி மலைப் பூங்காவிலோ வேறொரு கவலை: கரடிகள் குதிரைத் தீவனத்தையும் விட்டுவைப்பதில்லை. தீவனத்தை வண்டிக்குள் பூட்டி வைக்க வசதி வேண்டும்.

படி 4: டிரெய்லர் செல்லும் வழி

வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த நீளத்தை அளந்து வைத்துக்கொண்டு, உங்களுக்கு ஒதுக்கப்படும் இடத்தின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். பின்னோக்கி ஓட்டிப் பழகாதவர்கள் நேராக நுழைந்து நேராக வெளியேறும் இடத்தைக் கேட்டு வாங்கலாம். சாலையையும் விசாரியுங்கள். ஸ்மோக்கி மலைப் பூங்காவில் ஆந்தனி கிரீக், பிக் கிரீக், கேட்டலூச்சி, ரவுண்ட் பாட்டம், டோ ஸ்டிரிங் என ஐந்து குதிரை முகாம்களுக்கு வண்டியிலேயே செல்லலாம். ஆனால் கேட்டலூச்சிக்குச் செல்லும் வழியின் ஒரு பகுதி குறுகலான, வளைந்து வளைந்து செல்லும் சரளைச் சாலை. 2024 செப்டம்பரில் வீசிய ஹெலீன் புயலில் பூங்காவின் கிழக்குப் பகுதிச் சாலைகள் பெரிதும் சேதமடைந்தன. ஆகவே முன்பதிவுக்கு முன்னர் பூங்காவின் இணையதளத்தில் அன்றைய சாலை நிலவரத்தைப் பார்ப்பது அவசியம்.

படி 5: பருவத்தைத் தேர்ந்தெடுத்து முன்பதிவு செய்யுங்கள்

இப்பகுதியில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெப்பமும் ஈத்தொல்லையும் மிகுதி. மே மாதமும் அக்டோபரும் இதமானவை. கேட்டலூச்சியில் 2001 முதல் மீண்டும் குடியேற்றப்பட்ட எல்க் மான்கள் இலையுதிர்காலத்தில் உரத்த குரலெழுப்பும். அந்த ஒலிக்குப் பழகாத குதிரை மிரளக்கூடும். ஸ்மோக்கி மலைப் பூங்காவின் முகாம்கள் ஒவ்வொன்றிலும் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இடங்கள் இருப்பதால் ரெக்ரியேஷன்.காவ் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஓர் இடத்தில் எத்தனை குதிரைகளை நிறுத்தலாம், ஆண் குதிரைக்கு அனுமதி உண்டா, சாணத்தை எங்கே கொட்ட வேண்டும், கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்குமா, மிக அருகில் உள்ள குதிரை மருத்துவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் ஆகியவற்றைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 6: வீட்டில் ஒத்திகை

பதிவு செய்த முகாமில் குதிரையை எப்படி நிறுத்தப்போகிறீர்களோ, அதே முறையில் வீட்டருகே ஓர் இரவு முழுவதும் நிறுத்திப் பாருங்கள். புல்லைத் தின்று, தண்ணீர் குடித்து, ஒரு காலைத் தளர்த்தி ஓய்வாக நின்றால் கவலையில்லை. விடியும்வரை தரையைக் குளம்பால் பறித்துக்கொண்டோ கயிற்றை இழுத்துக்கொண்டோ இருந்தால், ரத்து செய்வதற்கான கெடு முடிவதற்குள் பதிவைப் பட்டியுள்ள முகாமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.