பிள்ளையின் முதல் படிப்பில் வீட்டின் பங்கு

அங்கன்வாடியிலோ முதல் வகுப்பிலோ பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரில் பலர், கையெழுத்துப் போட்டு முடித்ததும் ஆசிரியரிடம் சொல்வது இதுதான்: "எங்களுக்கு என்னங்க தெரியும், நீங்கதான் பாத்துக்கணும்." இந்தப் பணிவில் ஆசிரியர்மீது வைக்கும் நம்பிக்கை இருப்பது உண்மை. ஆனால் மூன்று வயது முதல் ஏழு வயது வரை பிள்ளைக்கு வீட்டிலிருந்து தேவைப்படுவது பெற்றோரின் படிப்பன்று. பேச்சு, கவனிப்பு, பள்ளியோடு விடாத தொடர்பு ஆகிய மூன்றுமே தேவை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும், பாட்டியும்கூட இவற்றைக் குறைவின்றிச் செய்ய முடியும். எப்படிச் செய்வது என்பதைத் தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளையும் அரசுத் தொடக்கப் பள்ளிகளையும் மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன். தனியார் மழலையர் பள்ளிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பேச்சிலிருந்து தொடங்குங்கள்

வாசிப்பு என்பது எழுத்தைப் பார்த்து ஒலிப்பது மட்டுமன்று. ஒலித்த சொல்லின் பொருள் பிள்ளைக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் அது வாசிப்பாகும். 'ஏற்றம்', 'வரப்பு', 'கூரை' ஆகிய சொற்களைக் காதால் கேட்டே இராத பிள்ளை அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்தாலும் வெறும் ஒலியைத்தான் பெறுகிறது. ஆகவே முதல் வகுப்புக்கு முன்பு நீங்கள் சேர்த்துத்தரக்கூடிய பெரிய சொத்து, பிள்ளையின் காதில் விழுந்து வாயில் புழங்கிய சொற்களே.

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. பிள்ளை சொல்வதைச் சற்று நீட்டித் திருப்பிச் சொல்வது போதும். பேருந்து நிறுத்தத்தில் மூன்று வயதுக் குழந்தை "பஸ் போச்சு" என்கிறது. "ம்" என்று விட்டுவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "ஆமா, பச்சை பஸ்ஸு போயிருச்சு. அந்தத் தாத்தா ஓடிவந்து ஏறினாரே, பாத்தியா? ஏன் ஓடினாரு?" என்று கேட்டால், குழந்தைக்கு நிறம், ஆள், காரணம் மூன்றும் ஒரே மூச்சில் கிடைக்கின்றன. கேட்டபின் காத்திருங்கள். சிறு குழந்தை பதிலைத் தேடி எடுக்கச் சில நொடிகள் ஆகும், அதற்குள் நாமே பதிலைச் சொல்லிவிடுவதுதான் பெரியவர்களிடம் உள்ள பொதுவான குறை.

வீட்டு மொழி தமிழாக இல்லாவிட்டாலும் இதே வழிதான். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், மதுரையில் சௌராஷ்டிரமும், நீலகிரியில் படுகமும், வேலைக்காக வந்து தங்கிய குடும்பங்களில் இந்தியும் ஒடியாவும் பேசப்படுகின்றன. பள்ளிக்கு உதவும் என்று நினைத்து, தமக்கே சரளமாக வராத தமிழிலோ ஆங்கிலத்திலோ பெற்றோர் பேசத் தொடங்கினால் வீட்டுப் பேச்சு நான்கைந்து கட்டளைகளாகச் சுருங்கிவிடும். உங்களுக்குக் கைவந்த மொழியில் தாராளமாகப் பேசுங்கள். ஒரு மொழியில் காரணம் கேட்கவும் கதை சொல்லவும் பழகிய பிள்ளை அந்தத் திறனை அடுத்த மொழிக்கும் எடுத்துச் செல்லும்.

கதையைப் பாதியில் நிறுத்திக் கேளுங்கள்

கதை சொல்லும் பாட்டியோ தாத்தாவோ இருக்கும் வீட்டுப் பிள்ளை பேறு பெற்ற பிள்ளை. கதை பழையதா புதியதா என்பது பொருட்டன்று. நரி கிணற்றுக்குள் எட்டிப்பார்த்தது என்பதோடு நிறுத்தி, "அப்புறம் என்ன ஆயிருக்கும்?" என்று கேட்பதிலும், மறுநாள் அதே கதையைப் பிள்ளையைச் சொல்லச்செய்து கேட்பதிலுமே பயன் இருக்கிறது. பிள்ளை கதையை மாற்றிச் சொன்னால் திருத்த வேண்டாம். முன்பின்னாகக் கோக்கத் தெரிகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

பள்ளியிலிருந்து வரும் படக்கதைப் புத்தகத்தைப் படிக்கத் தெரியாதவர்களும் பயன்படுத்தலாம். படத்தைப் பார்த்து நீங்களே கதை சொல்லுங்கள், அல்லது பிள்ளையைச் சொல்லச்செய்து நீங்கள் கேளுங்கள். நேர்ப்பக்கம் எது, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது, எழுத்து இடமிருந்து வலமாக ஓடுகிறது என்பவையெல்லாம் மடியில் உட்கார்ந்து பக்கம் புரட்டும்போது தாமாகவே படியும். கைபேசியில் ஓடும் கதை இதைச் செய்யாது. குழந்தையின் பதிலுக்காக அது காத்திருப்பதில்லை.

எண்ணைச் சோற்றுத் தட்டிலிருந்து கற்பியுங்கள்

ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளைக்கு எண் தெரிந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். ஏழு புளியங்கொட்டைகளைத் தரையில் வைத்து எண்ணச் சொல்லிப் பாருங்கள். விரல் ஒரு கொட்டையைத் தாண்டிப்போகும், அல்லது ஒன்றையே இரண்டு முறை தொடும். எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பதும், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்பதும் பிள்ளைக்கு இன்னும் பிடிபடவில்லை என்று இதற்குப் பொருள். இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. பொருளைத் தொட்டு நகர்த்தி எண்ணும் வாய்ப்பு நிறையக் கிடைத்தால் தானே வந்துவிடும்.

சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு தட்டு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஐந்து பேருக்கு மூன்று தட்டு வந்திருந்தால் "இன்னும் எத்தனை வேணும்?" என்று கேளுங்கள். கழித்தல் என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்பே பிள்ளை கழித்தலைச் செய்துவிடும். பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகக் காய் போட்டுக்கொண்டே போவது ஒன்றுக்கொன்று பொருத்தும் பயிற்சியேதான், அதுவும் அலுக்காத பயிற்சி. வாசலில் புள்ளிக் கோலம் போடும்போது அடுத்த வரிசையில் எத்தனை புள்ளி வரும் என்று கேட்டால், ஏறுவரிசையும் இறங்குவரிசையும் கண்ணுக்கு முன் தெரியும்.

பென்சிலுக்கு முன் விரல்கள்

விஜயதசமியன்று அரிசியில் 'அ' எழுதச்செய்த கையோடு, மறுநாளே நான்கு கோட்டு நோட்டை நீட்டும் வீடுகள் உண்டு. மூன்று வயதுக் கைக்கு அது பெரும் பாரம். விரல்களில் வலு வராமல் பென்சிலை இறுக்கிப் பிடித்து எழுதும் பிள்ளைக்குக் கை வலிக்கும், எழுத்தின்மீதே வெறுப்பு வரும். சப்பாத்தி மாவைப் பிசைந்து உருட்டுவது, பட்டாணி உரிப்பது, பூத் தொடுக்க நார் கிழித்துத் தருவது, மணி கோப்பது, களிமண்ணில் சொப்பு செய்வது எல்லாம் எழுத்துக்கான ஆயத்தமே. அதன்பின் மணலில் விரலால், பிறகு சிலேட்டில் சாக்பீஸால் என்று படிப்படியாகப் போகலாம்.

எழுத்தைத் தொடங்கும்போதும் 247 எழுத்துகளின் அட்டவணையை மேலிருந்து கீழாக ஒப்பிக்கச்செய்ய வேண்டாம். பிள்ளையின் பெயரில் உள்ள எழுத்துகளிலிருந்து தொடங்குங்கள். தன் பெயர் என்பதால் அவை மறக்கா. அடுத்து, எழுத எளிதான சிலவற்றை எடுத்துச் சொற்களாகக் கோத்துக் காட்டுங்கள். ட, ப, ம மூன்றையும், அவற்றுக்குப் புள்ளி வைத்த ட், ம் இரண்டையும் அறிந்த பிள்ளை படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்களை வாசித்துவிடும். எழுத்து எதற்காக என்பது அந்தக் கணத்தில் அதற்கு விளங்கும். அட்டவணையைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுப் பேச்சு வேறு, புத்தகத் தமிழ் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். 'வந்துச்சு' என்று பேசும் பிள்ளை 'வந்தது' என்று எழுதப் பழகச் சில ஆண்டுகள் ஆகும். அதன் பேச்சை உறவினர் முன்னால் கேலி செய்தாலோ வட்டார வழக்கை இழிவாகச் சொன்னாலோ, வகுப்பிலும் வாய் திறக்காத பிள்ளையாகிவிடும்.

பள்ளியோடு எப்படிப் பேசுவது

"என் பிள்ளை நல்லா படிக்கிறானா?" என்ற கேள்விக்கு "படிக்கிறான்" என்ற பதில்தான் வரும். கேள்வி குறிப்பாக இருந்தால்தான் பதிலும் குறிப்பாக வரும். "வீட்டுல ஓயாம பேசுறா டீச்சர், இங்க பேசுறாளா? யார்கூட உக்காந்திருக்கா? எந்தப் பாடத்துல திணறுறா?" என்று கேளுங்கள். அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளாகப் பார்க்கிறார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த நிலைக்குப் போக வீட்டில் எதைச் செய்யலாம் என்று கேட்பது உங்கள் உரிமை. மூன்றாம் வகுப்பில் அரும்பு நிலை என்று சொன்னால் பிள்ளையைத் திட்ட வேண்டாம். அந்த நிலை, எங்கிருந்து கற்பிக்கத் தொடங்குவது என்பதற்கான குறிப்பு மட்டுமே.

ஆசிரியருக்குத் தெரியாதவற்றை நீங்களும் சொல்ல வேண்டும். வீட்டில் புதிதாகத் தம்பி பிறந்திருப்பது, அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருப்பது, இரவு தூக்கமில்லாமல் போவது எல்லாம் வகுப்பறை நடத்தையில் வெளிப்படும். காரணம் தெரியாத ஆசிரியர் அதைப் பிடிவாதம் என்று நினைக்கக்கூடும்.

மில் வேலைக்கும் நூறுநாள் வேலைக்கும் போகும் தாய்க்குப் பகலில் பள்ளிக்கு வர முடியாது. அவருக்குப் பதிலாகப் பாட்டியோ சித்தப்பாவோ வந்தால் பள்ளி அவர்களை அதே மதிப்போடு வரவேற்க வேண்டும். ஆசிரியர்களுக்கு நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவதும் இதுவே. பிள்ளை தவறு செய்த நாளில் மட்டும் பெற்றோரை அழைக்காதீர்கள். முதல் அழைப்பு ஒரு நல்ல செய்திக்காக இருக்கட்டும். "இன்னிக்கு உங்க பையன் தானா கதை சொன்னாம்மா" என்று வாசலில் நின்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. அதைக் கேட்ட தாய் அடுத்த கூட்டத்துக்குத் தயங்காமல் வருவார்.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, சுற்றுச்சுவர் இடிந்திருக்கிறது, முதல் வகுப்புக்கு ஆசிரியர் இல்லை என்பனவற்றைத் தேநீர்க்கடையில் பேசி ஆற்றிக்கொள்வதைவிட அந்தக் கூட்டத்தில் சொல்லித் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். அதே சட்டம் பிள்ளையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. "அடிச்சு வளங்க சார்" என்று சொல்லும் வழக்கத்தைப் பெற்றோர் விட்டுவிட வேண்டும்.

காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகள்

பிள்ளைகள் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஆனாலும் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதது, மூன்று வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாதது, புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பது, முன்பு பேசிய சொற்களை இழப்பது ஆகியவற்றைக் கண்டால் "வளர வளரச் சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அன்று பிள்ளையை விடாமல் அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் உடனிருந்து, வீட்டில் கண்டதை மருத்துவரிடம் நேரில் சொல்லுங்கள். அந்த நாள் தொலைவில் இருந்தால் அதற்காகக் காத்திராமல், பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று காதையும் கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.