ஸ்லாஷ் 24-ஐ வெட்டியதால் வந்த வினை

சுங்கை சிப்புட்டில் சின்ன இணையச் சேவை ஒன்றின் ரவுட்டர் என் பொறுப்பு. பழைய பெட்டி, 2014 ஆகஸ்டில் உலக ரூட் அட்டவணை (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) 512,000 வரிகளைத் தாண்டியபோது திணறிய ரகம். நினைவகம் மிச்சமாகட்டுமே என்று ஸ்லாஷ் 24 ரூட்டுகளை, அதாவது சின்னச் சின்ன முகவரித் தொகுதிகளுக்கான வழிகளை, வடிகட்டி எறிந்தேன்.

"தம்பி, சம்பளப் பக்கம் திறக்கலையே!" போனில் தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா). மற்றதெல்லாம் ஓடியது. பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் பாதியில் வெறும் நட்சத்திரமாக நின்றது. அந்தச் சர்வரின் ஸ்லாஷ் 24 ஒரு நிறுவனம் வழியாகவும், அதை உள்ளடக்கிய பெரிய தொகுதியான ஸ்லாஷ் 22 இன்னொன்று வழியாகவும் வருகிறது. இரண்டும் இருந்தால் ரவுட்டர் சிறியதைத்தான் எடுக்கும். சிறியதை நான் வீசிவிட்டதால் பாக்கெட்டுகள் பெரியதைப் பிடித்துப் போயின. அந்தப் பக்கமோ லைன் அறுந்து கிடந்தது. டிஃபால்ட் ரூட், அதாவது வேறு வழி தெரியாதபோது போகும் பொதுவழி, சேர்த்தேன். அசட்டுத்தனம்! ஸ்லாஷ் 22 இருக்கும்வரை டிஃபால்ட்டை யார் சீண்டுவார்?

கடைசியில் முழு அட்டவணையையே விட்டுவிட்டு, மேலே உள்ள இரு நிறுவனங்களிடமும் டிஃபால்ட் மட்டும் வாங்கினேன். சிறிய தொகுதிக்கான வழி அவர்களுக்குத் தெரியுமே. தே தாரிக் ஆறுவதற்குள் கிராணி சம்பளம் ஏற்றிவிட்டார்.