வரப்பு மரத்தை வளர்த்து, அளந்து, மரவாடிக்கு விற்பது எப்படி

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கம் எந்தக் கொல்லைக்குப் போனாலும் கிணற்றுமேட்டில் ஒரு வேம்பு, வரப்பில் நாலு தேக்கு, வேலியோரம் ஒரு பூவரசு நிற்கும். பணத்தேவை வரும்போது தரகர் வருவார். மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டுக் குத்துமதிப்பாக ஒரு தொகை சொல்வார். அது நியாயமா என்று திருப்பிக் கேட்க விற்பவர் கையில் ஒரு அளவும் இருக்காது. உள்ளூர் மர வியாபாரத்தில் விவசாயி தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

மரத்தின் விலை அடியிலிருந்து முதல் 15 அடியில் இருக்கிறது. வாசல் நிலைக்கு 7 அடிக் கால் வேண்டும். முனை வெடிப்பைக் கழிக்க அரை அடி சேர்த்தால் ஏழரை. 15 அடி நேராகவும் முடிச்சு இல்லாமலும் இருந்தால் இரண்டு நிலைக் கட்டை கிடைக்கும். அதற்கு மேலே உள்ளது ஜன்னல் சட்டம், ரீப்பர், கடைசியில் விறகு. ஆறரை அடியில் துண்டு போட்டுவிட்டால் அந்தக் கட்டை நிலைக்கு ஆகாது, விலையும் ஒரு படி இறங்கிவிடும். ஆகவே கன்று வைக்கும் நாளிலிருந்தே அந்த 15 அடியை மனதில் வைத்து வேலை செய்யுங்கள்.

நடவுக்கு ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி போதும். மேல்மண்ணோடு 5 கிலோ மக்கிய எருவைக் கலந்து நிரப்பி, ஆடி மழையில் குழியை ஊறவிட்டு, ஆவணி, புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை வேரைப் பிடிக்க வைத்துவிடும். வரப்பில் 10 அடிக்கு ஒரு மரம். பக்கத்து நிலத்து எல்லையிலிருந்து குறைந்தது 5 அடி தள்ளி நடுங்கள், இல்லையென்றால் பிறகு வேருக்கும் நிழலுக்கும் பஞ்சாயத்து வைக்க வேண்டியிருக்கும். மூன்றாம் ஆண்டு முதல் மர வரிசைக்கும் பயிருக்கும் நடுவே 2 அடி ஆழத்தில் ஒரு கால்வாய் வெட்டி வேரைத் தடுத்தால் நிலக்கடலை மகசூல் அவ்வளவாக அடிபடாது. களிமண்ணில் தண்ணீர் நிற்கும் இடத்தில் தேக்கு வைக்காதீர்கள், வாடிக்கொண்டே நிற்கும். அங்கே பூவரசு நன்றாக வரும்.

எல்லாரும் தேக்குதான் வைக்க வேண்டும் என்றில்லை. புளியங்கட்டைக்குக் கறிக்கடைக்காரர் இருக்கிறார். மாமரப் பலகை சென்ட்ரிங் வேலைக்குப் போகிறது. பெருமரம் தீக்குச்சிக்கு ஆகும். மலைவேம்பு பிளைவுட்டுக்குப் போகிறது. வாகை மேசை, நாற்காலிக்கு நல்ல மரம், நம் பக்கம் அதற்குரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

பணத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கவாத்துதான். பக்கக்கிளை கட்டைவிரல் பருமனில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். மணிக்கட்டுப் பருமன் வரை விட்டால் காயம் மூட வருடங்கள் ஆகும், அந்த இடம் பலகையில் முடிச்சாகத் தெரியும். தேக்குக்குத் தை, மாசியில், இலை உதிர்ந்து தளிர் விடும் முன் செய்வது நல்லது. கொடுவாளால் ஓங்கி வெட்டாமல் கவாத்து ரம்பத்தை எடுங்கள். முதலில் கிளையின் அடிப்பக்கம் கால் பங்கு அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுக்க வேண்டும். மேலிருந்து மட்டும் அறுத்தால் கிளை சாயும்போது பட்டையை ஒரு முழம் உரித்துக்கொண்டு இறங்கும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டதுபோல் ஒரு தடிப்பு இருக்கும். அறுப்பு அதற்குச் சற்று வெளியே விழ வேண்டும். தடிப்பை அறுத்தால் காயம் மூடாது. நாலு அங்குலம் குச்சி விட்டாலும் அது காய்ந்து, மழைநீர் இறங்கி, உள்ளே பொந்து விழும். ஒரே தடவையில் மொட்டையடிக்க வேண்டாம்: மரத்தின் உயரத்தில் மேல்பாதி எப்போதும் இலையோடு இருக்கட்டும்.

இன்னொன்று: மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். முள்வேலிக் கம்பியை வரப்பு மரத்தில் அடித்துக் கட்டுவது ஊர் வழக்கம். பத்து வருடத்தில் பட்டை அதை விழுங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அறுவை மில்லில் பிளேடு அதில் பட்டால் பல் தெறித்துவிடும். அதனால்தான் சாலையோர மரத்தையும் வீட்டு வாசல் மரத்தையும் மில்காரர் தயங்கித் தயங்கி வாங்குகிறார். வெட்டிய முனையில் நீலக்கறுப்பாகக் கறை ஓடியிருந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

இனி அளவு. நிற்கும் மரத்தின் உயரத்துக்கு, உங்கள் கண்ணிலிருந்து நீட்டிய கைப்பிடி வரை உள்ள தூரத்துக்குச் சமமாக ஒரு குச்சியை முறித்துக்கொள்ளுங்கள். கையை நீட்டி அதைச் செங்குத்தாகப் பிடித்து, மரத்தின் அடியும் முதல் கவையும் குச்சியின் இரு முனைக்குள் அடங்கும் வரை பின்னால் நடங்கள். நீங்கள் நிற்கும் இடத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரமே கவை வரையிலான உயரம். சரிவான நிலத்தில் இது ஏமாற்றும், மட்டமான பக்கமாகப் போய் அளக்க வேண்டும்.

வெட்டிய கட்டைக்கு மரவாடிக் கணக்கு இது: நடுச்சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, அடி நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கனஅடி. சுற்றளவு 36 அங்குலம், நீளம் 15 அடி என்றால் 9 × 9 × 15 ÷ 144, அதாவது 8.44 கனஅடி. உருளைக் கணக்குப்படி அதே கட்டையில் 10.74 கனஅடி இருக்கிறது. அறுக்கும்போது போகும் ஓரச் சில்லுக்காக ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விட்டுக்கொடுக்கும் பழைய வழக்கம் இது, இதில் சண்டை போட முடியாது. சண்டை போட வேண்டிய இடம் வேறு. பட்டை அரை அங்குலம் தடிப்பாக இருந்தால் பட்டை நீக்கிய சுற்றளவு 33 அங்குலம்தான். கணக்கு 7.09-க்கு இறங்கும். பட்டையோடா, பட்டை நீக்கியா என்பதை விலை பேசும் முன்பே முடிவு செய்யுங்கள். டேப்பை நடுவில் பிடிக்காமல் நுனிப்பக்கம் பிடித்து 30 அங்குலம் என்று எழுதினால் 5.86. ஒரே கட்டை, மூன்று விலை!

சேகு, அதாவது வைரம், எவ்வளவு என்பதும் பேச்சில் வரும். வெட்டிய முனையில் நடுவே கருத்த பகுதிதான் வைரம், சுற்றி இருக்கும் வெள்ளை சீக்கிரம் உளுத்துவிடும். வேகமாகத் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த சின்ன வயதுத் தேக்கில் சுற்றளவு இருக்கும், வைரம் இருக்காது. தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று ஆசாரிமார் சொல்வார்கள். உளுப் பூச்சி தேடிவருவது வெள்ளைக் கட்டையில் உள்ள மாவுச்சத்தை. பிறை எதுவானாலும் வெள்ளையைச் செதுக்கி, கட்டையைச் சீக்கிரம் காயவைத்தால்தான் தப்பும்.

வெட்டுவதற்கு முன் காகிதம். மரம் அடங்கலில் பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். தேக்கு என்றால் பட்டா, சிட்டா, அடங்கலோடு வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் வாங்க வேண்டும். மரம் வண்டி ஏறுவது 1968-ஆம் ஆண்டு தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகளுக்கு உட்பட்டது. எந்த மரத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், எதற்கு விலக்கு என்பதை அங்கேயே தெரிந்துகொள்ளலாம். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானது, வனக்கோட்ட எல்லை அதோடு ஒத்துப்போகும் என்று நினைக்காமல் உங்கள் கிராமம் எந்தச் சரகம் என்று விசாரியுங்கள். சந்தனமும் செம்மரமும் தானாக முளைத்திருந்தாலும், பட்டா நிலமே ஆனாலும், வனத்துறையைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. மலைக் கிராமங்களில் மரப் பாதுகாப்புக்கென 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக உண்டு, உங்கள் ஊர் அதில் வருகிறதா என்பதையும் கேளுங்கள்.

சாய்க்கும் பக்கத்தில் முதலில் தண்டின் கால் பங்கு ஆழத்துக்கு வாய் வெட்ட வேண்டும். எதிர்ப்பக்க அறுப்பு அதைவிட 2 அங்குலம் மேலே வரட்டும், நடுவில் ஓர் அங்குலம் அறுக்காமல் விடுங்கள். வாய் வெட்டாமல் ஒரே பக்கம் அறுத்தால் மரம் சாயும்போது அடிக்கட்டை நெடுக்கே பிளக்கும். பிளப்பது அந்த விலையுள்ள 15 அடியில்தான். தேக்கை நிலத்திலிருந்து அரை அடிக்குள் வழவழப்பாக, தண்ணீர் தேங்காதபடி சாய்வாக வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். வலுவான ஒரு துளிரை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடலாம். ஆடு கடிக்காமல் ஒரு வருடம் முள் கட்டுங்கள்.

அறுத்த பலகையை கத்திரி வெயிலில் விரித்துக் காயப்போடுவது தவறு. முனை முதலில் காய்ந்து சுருங்கி, ஒரு சாண் ஆழத்துக்கு வெடிக்கும். அறுத்த அன்றே முனைகளில் தாரோ பழைய பெயின்டோ பூசுங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி மேடையில், நிழலில், பலகைக்குப் பலகை 2 அடிக்கு ஒன்றாக ஓர் அங்குல ரீப்பர் வைத்து அடுக்க வேண்டும். ரீப்பர்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் பலகை அலை அலையாக வளையும். வேம்பு இதில் மிகவும் முரண்டு பிடிக்கும், அடுக்கின் மேல் கல் பாரம் ஏற்றுங்கள். காய்ந்ததா என்று தெரிய ஒரு துண்டைத் தனியே குறியிட்டு வாரம் ஒருமுறை எடை போடுங்கள். மூன்று வாரம் எடை குறையாமல் நின்றால் ஆசாரியைக் கூப்பிடலாம்.